பல் எண்ணி, வட்டம் அளந்து

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் நெடுஞ்சாலையில், ஆரணிச் சாலை பிரிகிற இடத்தில் இருக்கிறது கண்ணமங்கலம். பட்டு நெசவு ஊர். சாயம் ஏற்றிய நூலும், சுற்றி வைத்த பாவும், நெய்து மடித்த சேலையும் இங்கே பெரும்பாலும் இரண்டு சக்கரத்தில்தான் போய்வருகின்றன. அந்தச் சாலையில் போகும் சைக்கிளோ மொபெட்டோ பைக்கோ, எதை நிறுத்திப் பார்த்தாலும், அதன் வேகத்தைத் தீர்மானிக்கும் எண்களில் பாதி வெளியிலேயே தெரியும். செயின் ஓடும் பல்சக்கரத்தில் எத்தனை பல் என்று விரலால் தொட்டு எண்ணலாம். டயரின் பக்கவாட்டில் அதன் அளவு அச்சாகியிருக்கும். கியர்ப்பெட்டிக்குள் இருக்கும் எண்கள் மட்டும் கையேட்டில் கிடைக்கும். இவை கையில் இருந்தால், எஞ்சின் நிமிடத்துக்கு இத்தனை சுற்று சுற்றும்போது வண்டி மணிக்கு எத்தனை கிலோமீட்டர் போகும் என்று ஒரு துண்டுத் தாளில் கணக்கிட்டுவிடலாம்.

விடையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கு கியர் உள்ள பழைய 350 சி.சி. புல்லட் டாப் கியரில் போகும்போது, எஞ்சினிலிருந்து வரும் ஒவ்வொரு ‘டப்’புக்கும் வண்டி சுமார் 76 சென்டிமீட்டர் முன்னே நகர்கிறது. முதல் கியரில் அதே ஒரு ‘டப்’ வண்டியை 27 சென்டிமீட்டர்தான் நகர்த்துகிறது. இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன, எவ்வளவு தூரம் அவற்றை நம்பலாம் என்பதைப் பார்ப்போம். இரண்டாவது கேள்வி முதலாவதைவிடச் சுவையானது.

சைக்கிளிலிருந்து தொடங்குவோம்

ஏனென்றால் சைக்கிளில் எதுவும் மூடி வைக்கப்படவில்லை. 1949இல் தொடங்கி அம்பத்தூரில் இயங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலையின் ஹெர்குலிஸ் வண்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கேரியரும் உயரமான சக்கரமும் உள்ள கறுப்புச் சைக்கிள். பெடலோடு சுற்றும் பெரிய பல்சக்கரத்தில் 44 பல், பின்சக்கரத்து ஃப்ரீவீலில் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு முழுச் சுற்று வந்தால் செயினில் 44 கண்ணிகள் இழுக்கப்படுகின்றன. அந்த 44 கண்ணிகளும் பின்னால் இருக்கும் 18 பல் சக்கரத்தின் வழியாகத்தான் போயாக வேண்டும். ஆகவே அது 44-ஐ 18-ஆல் வகுத்த அளவுக்கு, அதாவது 2.44 சுற்று சுற்றுகிறது. சற்றுக் கூட, சற்றுக் குறைய என்ற பேச்சுக்கே இடமில்லை. பல்லும் கண்ணியும் முழு எண்களாக இருப்பதால், பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டிய பிறகும் இந்த விகிதம் ஒரு மயிரிழையும் மாறாது. செயின் தளரலாம், பல் தேயலாம். எண்ணிக்கை அப்படியேதான் இருக்கும். இயந்திரவியலில் இவ்வளவு துல்லியம் இவ்வளவு மலிவாகக் கிடைப்பது அபூர்வம்.

மீதி வேலை சக்கரத்துடையது. 28 அங்குல டயர் என்று கடையில் கேட்டு வாங்கும் அந்த வகையில் ரிம்மின் விட்டம் 635 மில்லிமீட்டர். மேலும் கீழும் தலா 40 மில்லிமீட்டர் டயர் சேர்ந்தால் 715. அதை 3.1416-ஆல் பெருக்கினால் சுற்றளவு 2.25 மீட்டர். பின்சக்கரம் 2.44 முறை சுற்றுவதால், பெடலின் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் ஐந்தரை மீட்டர் போகிறது. நொடிக்கு ஒரு முறை மிதித்தால் நொடிக்கு ஐந்தரை மீட்டர். மணிக்கு 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

பல்சக்கரம் என்ன சாதித்தது என்பது அதற்கு முந்தைய சைக்கிளைப் பார்த்தால்தான் புரியும். 1870களில் ஐரோப்பாவில் ஓடிய சைக்கிள்களில் பெடல் நேராக முன்சக்கரத்திலேயே பொருத்தப்பட்டிருந்தது. காலின் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரே சுற்று. வேகம் வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு வழி இல்லை. எனவே அது ஆள் நெஞ்சுயரத்துக்கு வளர்ந்தது, ஏறி உட்கார்ந்தவர் தலைகுப்புற விழுவதும் வாடிக்கையானது. சக்கரத்தின் அளவுக்கு வரம்பு போட்டது ஓட்டுபவரின் கால் நீளம். 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய ரோவர் சைக்கிளில், செயின் மூலம் பின்சக்கரத்தை ஓட்டும் ஏற்பாடு நல்ல வடிவம் பெற்றது. நம் 44-க்கு 18 சைக்கிளுக்கு இணையாகப் பழைய முறையில் ஒரு வண்டி செய்தால், அதன் முன்சக்கரம் 1.75 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். எந்த மனிதரின் காலும் அந்தப் பெடலை எட்டாது. 26 பல் வித்தியாசம் அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

புல்லட்டுக்குள் மூன்று இறக்கங்கள்

எஞ்சினுக்குக் காலுக்கு நேர்மாறான சிக்கல். கால் நிமிடத்துக்கு அறுபது சுற்றை ஒட்டித்தான் வசதியாகச் சுற்றும். எஞ்சினோ ஆயிரங்களில் சுற்றினால்தான் வலுவோடு இருக்கும். அதைச் சக்கரத்தோடு நேராக இணைத்தால் வண்டி நின்ற இடத்திலிருந்து நகரவே முடியாது. ஆகவே வழியில் பல இடங்களில் சுற்றைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள்.

1955இல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து சென்னையில் தொடங்கிய நிறுவனம் திருவொற்றியூரில் புல்லட்டுகளைச் செய்தது. அந்த வண்டியின் நான்கு கியர் மாடல் நம் கணக்குக்கு மிகவும் ஏற்றது. ஆண்டுக்கு ஆண்டு ஸ்பிராக்கெட் பற்கள் மாறியிருப்பதுண்டு. நான் எடுத்துக்கொள்வது பரவலாக ஓடிய ஓர் அமைப்பு.

எஞ்சின் தண்டில் 25 பல் ஸ்பிராக்கெட். அதிலிருந்து கிளட்சின் 56 பல்லுக்கு ஒரு செயின். 56-ஐ 25-ஆல் வகுத்தால் 2.24. இது முதல் இறக்கம். அடுத்தது கியர்ப்பெட்டி: முதல் கியரில் 2.78, இரண்டில் 1.84, மூன்றில் 1.36, டாப் கியரில் 1. டாப் கியரில் உள்ளே வரும் சுற்று அப்படியே வெளியேறுகிறது என்று பொருள். மூன்றாவது இறக்கம் நாம் வெளியே பார்க்கும் பின்செயின்: முன்னால் 16 பல், பின்சக்கரத்தில் 38. விகிதம் 2.375.

இவற்றைக் கூட்டக்கூடாது, பெருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டமும் தனக்கு முந்தையதன் விடையை எடுத்துக்கொண்டு அதைக் குறைக்கிறது. டாப் கியரில் 2.24 × 1 × 2.375 = 5.32. அதாவது எஞ்சின் 5.32 முறை சுற்றினால் பின்சக்கரம் ஒரு முறை சுற்றும்.

டயரில் 3.25-19 என்று எழுதியிருக்கும். 19 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 3.25 டயரின் அகலம். இந்தப் பழைய வகை டயர்களில் உயரமும் ஏறக்குறைய அதே அளவு. எனவே மொத்த விட்டம் 19-உடன் இரண்டு 3.25; 25.5 அங்குலம், அதாவது 648 மில்லிமீட்டர். சுற்றளவு 2.035 மீட்டர்.

இனி வேகம். எஞ்சினின் நிமிடச் சுற்றை 5.32-ஆல் வகுத்தால் சக்கரத்தின் நிமிடச் சுற்று. அதை 2.035-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை மீட்டர். நிமிட மீட்டரை மணிக்கான கிலோமீட்டராக்க 60-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுக்க வேண்டும்; சுருக்கமாக 0.06-ஆல் பெருக்கினால் போதும். 1,000 சுற்றுக்கு விடை 23 கிலோமீட்டர். இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்தால் மற்ற கியர்கள் தாமாக வந்துவிடும்: 23-ஐ அந்தந்தக் கியர் விகிதத்தால் வகுத்தால், மூன்றாம் கியரில் 1,000 சுற்றுக்கு 17, இரண்டில் 12.5, முதலில் 8.3 கிலோமீட்டர்.

மணிக்கு 60-இல் போகும் புல்லட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டாப் கியரில் எஞ்சின் 2,600 சுற்றுக்கு மேல் கொஞ்சம். அதே வேகத்தில் மூன்றாம் கியருக்கு இறக்கினால் 3,550. இரண்டாம் கியருக்கு இறக்கினால் 4,800. முந்திச் செல்ல ஒரு கியர் குறைக்கும்போது எஞ்சின் திடீரென்று உறுமுவது இந்த ஆயிரம் சுற்று ஏற்றத்தால்தான். கிளட்சை மெதுவாக விடாவிட்டால், அந்த ஆயிரம் சுற்றையும் ஒரே நொடியில் பின்டயர் எஞ்சினுக்குள் திணிக்க வேண்டியிருக்கும். வண்டி குலுங்குவதும் பின்சக்கரம் வழுக்குவதும் அதனால்.

‘டப்’ கணக்குக்கு வருவோம். நான்கு வீச்சு ஒற்றை சிலிண்டர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரிகிறது. டாப் கியரில் எஞ்சினின் ஒரு சுற்றுக்கு வண்டி போகும் தூரம் 2.035-ஐ 5.32-ஆல் வகுத்தது, 38 சென்டிமீட்டர். இரண்டு சுற்றுக்கு 76. ஒரு கிலோமீட்டர் போவதற்கு ஏறத்தாழ 1,300 எரிப்புகள் தேவை. வண்டி வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் டாப் கியரில் அந்தக் கிலோமீட்டருக்கு அதே 1,300தான். மாறுவது, அவை எவ்வளவு நெருக்கமாக வருகின்றன என்பது மட்டுமே. மனிதக் காது தொடர்ந்த ஒலியாக உணரத் தொடங்குவது நொடிக்கு ஏறத்தாழ 20 அதிர்விலிருந்து. அதற்குக் கீழே தனித்தனித் தட்டல்கள்தான் கேட்கும். 76 சென்டிமீட்டருக்கு ஒன்று, நொடிக்கு 20 என்றால் மணிக்கு 55 கிலோமீட்டர். புல்லட் டாப் கியரில் நாற்பதில் போகும்போது எண்ணிவிடலாம் போல விழும் தட்டல்கள், அறுபதைத் தாண்டும்போது ஒன்றோடொன்று கலந்து உறுமலாகிவிடுவதற்கு, 25, 56, 16, 38 என்ற நான்கு முழு எண்களும் ஒரு டயரும் காரணம். எனக்கு இந்தக் கணக்கு முழுவதிலும் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பல் சொல்லும் வேகமும் காற்று விடும் வேகமும்

இந்த எஞ்சினின் உச்சத் திறன் 18 குதிரைத்திறன், 5,625 சுற்றில். நம் கணக்குப்படி 5,625 சுற்றில் டாப் கியரில் வண்டி மணிக்கு 129 கிலோமீட்டர் போக வேண்டும். பழைய புல்லட் ஓட்டிய எவரிடமாவது இதைச் சொன்னால் நம்பமாட்டார். அது 100-ஐத் தாண்டவே பாடுபடும்.

பெருக்கலில் பிழை இல்லை. பற்களின் கணக்கு, எஞ்சின் அந்தச் சுற்றை எட்டினால் வண்டி எவ்வளவு வேகம் போகும் என்பதை மட்டும் சொல்கிறது. எட்டுமா என்பதைக் காற்று முடிவுசெய்கிறது. காற்றை விலக்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் முப்படியாக உயர்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் திறன் எட்டு மடங்கு. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் ஒருவரும் அவருடைய வண்டியும் சேர்ந்து காற்றுக்குக் காட்டும் முகப்பை, இழுவைக் கெழுவோடு சேர்த்து, சுமார் 0.7 சதுர மீட்டர் என்று எடுத்துக்கொண்டால், 129-இல் காற்றுக்கு மட்டும் 19 கிலோவாட் வேண்டும். 18 குதிரைத்திறன் என்பது 13.4 கிலோவாட், செயின்களிலும் கியரிலும் கொஞ்சம் கரைந்து பின்சக்கரத்துக்கு 11 அல்லது 11.5 வந்து சேரலாம். அந்தத் திறன் 105 கிலோமீட்டர் அளவில் காற்றோடு சமமாகிவிடுகிறது. அப்போது எஞ்சின் சுற்று 4,600-ஐ ஒட்டி நிற்கும். உச்சத் திறன் கிடைக்கும் 5,625-ஐ டாப் கியரில் அது சமதரையில் எட்டுவதே இல்லை.

வேகம் கூடும் என்று நம்பி முன் ஸ்பிராக்கெட்டை 16-இலிருந்து 17 பல்லாக மாற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 17 போட்டால் 1,000 சுற்றுக்கு 23-க்குப் பதில் 24.4 கிலோமீட்டர். தாளில் பார்த்தால் உச்ச வேகமும் ஆறு விழுக்காடு கூட வேண்டும். ஆனால் எஞ்சினுக்கு ஏற்கெனவே போதாத திறனை இன்னொரு பல் உண்டாக்கித் தராது. உண்மையில் கிடைப்பது வேறொரு நன்மை: அறுபதில் போகும்போது எஞ்சின் 2,600-க்குப் பதிலாக 2,460 சுற்றில் அமைதியாக ஓடும். அதற்குக் கொடுக்கும் விலை, பின்சக்கரத்தின் இழுவிசையில் அதே ஆறு விழுக்காடு. கண்ணமங்கலத்திலிருந்து படவேடு வரை சமதரையில் போய்வருபவருக்கு அது பொருட்டில்லை. பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு ஜவ்வாது மலையில் ஏறுகிறவருக்கு, முன்பு மூன்றாம் கியரில் ஏறிய வளைவில் இப்போது இரண்டுக்கு இறக்க வேண்டியிருக்கும். விகிதம் எதையும் உருவாக்குவதில்லை. சுற்றை விசையாகவும் விசையைச் சுற்றாகவும் மாற்றிக் கொடுக்கிறது.

தறியிலும் இதே கணக்கு

கண்ணமங்கலத்தில் வைத்து இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. சுற்றை நீளமாக மாற்றும் இந்தக் கணக்கை, வண்டிகளுக்கு வெளியே, நெசவுத் தொழில் நெடுங்காலமாகப் போட்டுவருகிறது.

ஆரணிப் பட்டு கைத்தறியில் பிறப்பது. அங்கே நெய்த துணியை நெசவாளர் அவ்வப்போது படமரத்தில் கையால் சுருட்டிக்கொள்கிறார். ஓர் அங்குலத்துக்குள் எத்தனை ஊடை இழை என்பதைக் காப்பது அவருடைய கையும் கண்ணும். விசைத்தறியில் அந்தப் பொறுப்பைப் பல்சக்கரங்கள் ஏற்றுக்கொள்கின்றன. பிக்கிள்ஸ் என்ற பெயரில் வழங்கும் ஏழு சக்கர அமைப்பு அவற்றில் புகழ்பெற்றது. ஊடை ஒரு முறை ஓடினால் 24 பல் ராட்செட் சக்கரம் ஒரு பல் நகரும். அதே அச்சில் இருக்கும் 36 பல் சக்கரம், மாற்றிப் பொருத்தக்கூடிய ஒரு சக்கரத்தை ஓட்டும். அங்கிருந்து 24 பல், 89 பல், 15 பல், 90 பல் என்று இறங்கி, சொரசொரப்பான உருளை ஒன்றை மெல்லச் சுற்றும். உருளையின் சுற்றளவு 15.05 அங்குலம். அது துணியை இழுத்துக்கொள்கிறது.

புல்லட்டுக்குச் செய்ததைப் போலவே பெருக்கிப் பாருங்கள். உருளையின் ஒரு சுற்றுக்கு, மாற்றுச் சக்கரத்தின் பல் எண்ணிக்கையை 14.83-ஆல் பெருக்கிய அளவு ஊடைகள் ஓடியிருக்கும். அதை 15.05 அங்குலத்தால் வகுத்தால், அங்குலத்துக்கு ஊடை எண்ணிக்கை மாற்றுச் சக்கரத்தின் பல் எண்ணிக்கையில் 0.985 மடங்கு. 60 பல் சக்கரம் போட்டால் அங்குலத்துக்கு 59 ஊடை. ஏன் 60 இல்லை? தறியில் துணி இழுத்துப் பிடிக்கப்பட்டிருக்கிறது. தறியிலிருந்து இறக்கியதும் சுமார் ஒன்றரை விழுக்காடு சுருங்கும். சுருங்கிய பிறகு அளந்தால் அங்குலத்துக்குச் சரியாக 60. ஒரு பல்லுக்கு ஓர் ஊடை. நெசவாலையில் வேலை செய்பவர் எந்தக் கணக்கும் போடாமல், எத்தனை ஊடை வேண்டுமோ அத்தனை பல் உள்ள சக்கரத்தைத் தேடி மாட்டிவிடலாம். துணியின் சுருக்கத்தை முன்கூட்டியே பற்களுக்குள் எழுதி வைத்தவரின் கூர்மையை நினைத்து வியக்கிறேன்.

இந்த ஒன்றரை விழுக்காடு நமக்குப் பெரிய துப்பு. பற்கள் முழு எண்கள், மாறாதவை. ஆனால் சங்கிலியின் கடைசியில், சுற்றை நீளமாக மாற்றும் இடத்தில், இழுத்தால் நீளும் துணியோ அழுத்தினால் நசுங்கும் ரப்பரோ இருக்கிறது. பிழை அங்கேதான் புகுகிறது.

டயர் என்னும் தளர்ந்த எண்

இக்கால டயர்களில் அளவு வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும். மாருதி ஸ்விஃப்ட் காரின் தொடக்க மாடல்களில் வந்த டயர் 165/80 ஆர் 14. முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், டயரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது: 165-இல் 80 விழுக்காடு 132. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரிக்குள் மில்லிமீட்டர், விழுக்காடு, அங்குலம் மூன்றும் கலந்திருப்பது அழகில்லைதான். ஆனால் உலகம் முழுவதும் அப்படியே நிலைத்துவிட்டது. 14 அங்குலம் 355.6 மில்லிமீட்டர், இரண்டு 132 சேர்த்தால் மொத்த விட்டம் 619.6.

அதே காரின் விலை கூடிய மாடல்களில் வரும் டயர் 185/65 ஆர் 15. ரிம் ஓர் அங்குலம் பெரியது, ரப்பர் அகலமானது. வேகக் கணக்கு முழுவதும் மாறிவிடும் என்று தோன்றும். போட்டுப் பாருங்கள்: 185-இல் 65 விழுக்காடு 120.25, இரண்டு மடங்கு 240.5, ரிம் 381. மொத்தம் 621.5. வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர் கூட இல்லை. ரிம் வளர்ந்த அளவுக்கு ரப்பரின் உயரத்தைக் குறைத்து, வெளிவட்டத்தை அப்படியே காத்திருக்கிறார்கள். கியரும் வேகமானியும் எதையும் உணராது.

விட்டத்தை 3.1416-ஆல் பெருக்கினால் சுற்றளவு என்பது பள்ளிப் பாடம். ஆனால் காற்றடைத்த ரேடியல் டயர் ஒரு சுற்றுக்குப் போகும் தூரம் அதைவிடக் குறைவு. ஐரோப்பிய டயர், ரிம் தர அமைப்பு இதற்கென்றே 3.05 என்ற எண்ணைப் பயன்படுத்துகிறது. 619.6 மில்லிமீட்டர் டயருக்குப் பள்ளிக் கணக்கு 1.946 மீட்டர் தருகிறது, 3.05 தருவது 1.89. மூன்று விழுக்காடு வித்தியாசம்.

டயரின் அடிப்பகுதி சுமையில் நசுங்குவதால் ஆரம் குறைகிறது, அதனால் தூரமும் குறைகிறது என்று விளக்கத் தோன்றும். அது பாதி உண்மை. நின்றிருக்கும் காரின் அச்சிலிருந்து தரை வரை அளந்து, அதையே ஆரமாக வைத்துக் கணக்கிட்டால் தூரம் உண்மையைவிடக் குறைவாக வரும். ரேடியல் டயரின் தோலுக்குள் எஃகுக் கம்பிகளால் ஆன ஒரு பட்டை சுற்றிவருகிறது. அந்தப் பட்டை எளிதில் நீளாது, சுருங்காது. டயர் நசுங்கினாலும் பட்டையின் நீளம் அதேதான். டாங்கியின் இரும்புப் பட்டியைப் போல அது தரையில் படிந்து படிந்து எழுகிறது. ஒரு சுற்றில் தரையில் பதிவது ஏறக்குறைய அந்தப் பட்டையின் நீளம். பட்டை வெளித்தோலுக்கு உள்ளே இருப்பதால், அதன் சுற்றளவு வெளிவட்டத்தைவிடச் சிறியது. காற்று குறைந்த டயரின் ஆரம் கண்ணுக்கே தெரியும்படி தாழ்ந்தாலும், ஒரு சுற்றுக்குப் போகும் தூரம் மிகச் சிறிதளவே குறைவது இதனால்தான்.

உங்கள் வண்டியின் உண்மையான எண் வேண்டுமா? டயரின் அடியிலும் அதற்கு நேர் கீழே தரையிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். வழக்கமாக ஓட்டுபவர் மேலே உட்கார்ந்திருக்க வேண்டும். சுமை இல்லாமல் அளந்தால் பயனில்லை. வண்டியை நேராக உருட்டி, டயர்க் கோடு பத்தாவது முறை தரையைத் தொடும் இடத்தில் மறுபடி கோடு போட்டு, இரண்டுக்கும் இடையே அளந்து பத்தால் வகுங்கள். கியர் விகிதம் தெரியாத பழைய வண்டியாக இருந்தால் அதையும் கண்டுபிடிக்கலாம்: ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, எஞ்சின் அணைந்த நிலையில் டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, அதைக் கையால் சரியாக ஒரு சுற்றுச் சுற்றி, எஞ்சின் தண்டு எத்தனை முறை சுற்றியது என்று எண்ணினால் போதும்.

தேய்மானத்தையும் சேர்க்க வேண்டும். புதுக் கார் டயரின் பள்ளம் சுமார் 8 மில்லிமீட்டர் ஆழம்; சட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லை 1.6. விட்டத்தில் 12.8 மில்லிமீட்டர் போய்விடுகிறது. நம் ஸ்விஃப்ட் டயருக்கு அது இரண்டு விழுக்காடு. டயர் தேயத் தேய அதே தூரத்துக்கு அதிக முறை சுற்ற வேண்டியிருக்கும். சுற்றுகளை எண்ணும் கருவி, போகாத தூரத்தையும் போனதாகச் சொல்லும்.

எண்ணுவது எங்கே என்பதும் முக்கியம். பழைய புல்லட்டில் வேகமானியின் கேபிள் முன்சக்கரத்திலிருந்து வருகிறது. பின்னால் ஸ்பிராக்கெட்டை எப்படி மாற்றினாலும் முள் பொய் சொல்லாது. முன்டயரின் அளவை மாற்றினால் சொல்லும். ஆட்டோ மீட்டரும் சக்கரச் சுற்றை எண்ணித்தான் கட்டணம் சொல்கிறது. ஆட்டோவின் 4.00-8 டயருக்கு விட்டம் 16 அங்குலம். ஒரு கிலோமீட்டருக்கு 783 சுற்று. அதைவிடச் சிறிய வட்டமுள்ள டயர் போட்டால் கிலோமீட்டருக்கு முன்பே அந்த 783 முடிந்துவிடும், பயணி கூடுதலாகக் கொடுப்பார். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் கீழுள்ள சட்டமுறை எடையளவுப் பிரிவு, தராசைப் போலவே இந்த மீட்டரையும் சோதித்து முத்திரையிடுவதற்குக் காரணம் இருக்கிறது.

கார்களின் வேகமானிக்கு ஐக்கிய நாடுகள் அவையின் 39ஆம் ஒழுங்குமுறை இரண்டு எல்லைகள் விதிக்கிறது. முள் காட்டும் வேகம் உண்மை வேகத்தைவிடக் குறைவாக இருக்கவே கூடாது. கூடுதலாகக் காட்டலாம், ஆனால் உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேல் 4 கிலோமீட்டரும் என்பதே உச்சம். டயர் என்ற எண் தளர்ந்தது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டு, பிழை எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை முடிவுசெய்கிறது. காட்டுவது எப்போதும் கூடுதலாக இருக்கட்டும். அப்போது ஓட்டுபவர் உண்மையில் மெதுவாகவே போய்க்கொண்டிருப்பார்.

காட்பாடி வழியே போகும் இரட்டையர்

கண்ணமங்கலத்தில் ரயில் ஏறினால், வேலூர் வழியாகப் போய்ச் சேரும் பெரிய சந்திப்பு காட்பாடி. அங்கே நடைமேடையில் நின்றால், விரைவு ரயிலை இழுத்து வரும் டபிள்யூ.ஏ.பி.-7 எஞ்சினையும் சரக்கு ரயிலை இழுத்து வரும் டபிள்யூ.ஏ.ஜி.-9 எஞ்சினையும் பார்க்கலாம். முதலாவது இரண்டாவதிலிருந்து உருவாக்கப்பட்டது. உடல், மின்சாதனங்கள், ஆறு மோட்டார்கள் எல்லாம் ஒரே குடும்பம். சக்கரத்தின் விட்டமும் ஒன்றே, 1,092 மில்லிமீட்டர், சுற்றளவு 3.43 மீட்டர். மாற்றியது மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் இடையிலான பல் விகிதத்தை. சரக்கு எஞ்சினில் அது சுமார் 5.1, பயணிகள் எஞ்சினில் 3.6. சரக்கு எஞ்சினின் உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர், பயணிகள் எஞ்சினின் உச்ச வேகம் 140.

புல்லட் கணக்கைப் பின்னாலிருந்து போடுவோம். மணிக்கு 140 என்றால் நிமிடத்துக்கு 2,333 மீட்டர், சக்கரம் 680 சுற்று, 3.6-ஆல் பெருக்கினால் மோட்டார் ஏறக்குறைய 2,450 சுற்று. மணிக்கு 100 என்றால் சக்கரம் 486 சுற்று, 5.1-ஆல் பெருக்கினால் மோட்டார் 2,480. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. மோட்டாருக்குத் தான் இழுப்பது பயணிகளையா நிலக்கரியையா என்று தெரியாது. அது அதே 2,500-ஐ ஒட்டிய சுற்றில் ஓடுகிறது. வேகமாகவா பலமாகவா என்பதைச் சில பற்கள் தீர்மானிக்கின்றன.

எஃகுச் சக்கரம் ரப்பரைப் போல நசுங்காது. ஆனால் அதுவும் தேய்கிறது. தேய்ந்து வடிவம் கெட்ட சக்கரத்தைப் பணிமனையில் கடைந்து மறுபடி வட்டமாக்குகிறார்கள். ஒவ்வொரு முறையும் விட்டம் குறைகிறது. 1,092-இல் தொடங்கியது 1,016 வரை இறங்கலாம். அந்தக் கடைசிக் கட்டத்தில், முன்பு 140 தந்த அதே 680 சுற்று 130 கிலோமீட்டர்தான் தரும். அதனால் எஞ்சினின் வேகப் பதிவுக் கருவியில் சக்கரத்தின் அப்போதைய விட்டத்தை உள்ளிட ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். சக்கரம் கடைந்த பின் புது அளவைப் பதிய மறந்தால், கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும்; ரயில் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவே. புதுச் சக்கரம் பொருத்திய பிறகு பழைய 1,016 அப்படியே இருந்துவிட்டால்தான் ஆபத்து: ஓட்டுநர் 130 என்று படிக்கும்போது ரயில் 140-இல் போய்க்கொண்டிருக்கும்.